இரண்டு நிமிடம் அசையாத முகம்

ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் மயிலாப்பூர் வெயில் வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே அறுபது பெண்கள், மேலே இரண்டு மின்விசிறிகள், முன்னால் ஒரு வெள்ளைத் திரை. பதினேழு வருடமாக உளவியல் சொல்லித் தருகிறேன். சொல்லித் தருகிறேன் என்பதுகூடப் பெரிய வார்த்தைதான். பழைய ஆய்வுகளைக் கதை மாதிரி சொல்வேன். அதன் வீடியோ இணையத்தில் எங்கே கிடைக்கும் என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பு போடுவேன். பஸ்ஸில் வரும்போது பார்த்துவிட்டு வருவார்கள், அல்லது பார்த்ததாகச் சொல்வார்கள்.

கம்பியால் செய்த தாயிடம் பாலைக் குடித்துவிட்டு, துணி சுற்றிய தாயிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் குரங்குக் குட்டி. எல்லோரும் தவறான கோட்டைக் காட்டுகிறார்களே என்று தானும் அதையே காட்டும் மனிதன். சின்ன வயதில் கடையில் தொலைந்துபோனாய் என்று வீட்டார் சொன்னதாகச் சொன்னதும், அழாத அழுகையையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்துவிடும் ஆட்கள். இதை மட்டும் நான் எப்போதும் தி. நகர் தீபாவளிக் கூட்டத்தில் வைத்துச் சொல்வேன்.

"அம்மா கை நழுவிப்போச்சு, ஒரு பலூன்காரர் பிடிச்சுக் கொண்டுவந்து விட்டார்னு உங்க மாமா சொல்றார்னு வெச்சுக்கோங்க."

"சார், நான் நிஜமாவே தொலைஞ்சேன் சார்" என்று ஒருத்தி எழுந்து நிற்பாள்.

"உனக்கு யார் சொன்னா?"

"மாமா."

வகுப்பு சிரித்து ஓயும்வரை காத்திருந்துவிட்டு, நினைவு கேசட் இல்லை, எடுக்கும்போதெல்லாம் புதிதாக எழுதிக்கொள்கிறோம் என்று முடிப்பேன். எனக்கே அந்த வாக்கியம் ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் அது என் வீட்டுக் கூடத்தில் என் முகத்துக்கு நேராகத் திரும்பி வரும் என்று யார் கண்டது?

அதற்கு அடுத்த வாரம்தான் அசையாத முகம். தாய் குழந்தையோடு கொஞ்சிப் பேசுகிறாள். பிறகு இரண்டு நிமிடம் முகத்தில் எதையும் காட்டாமல் குழந்தையை வெறுமனே பார்க்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் உடைந்து அழும். அதன் பிறகு தாய் பழையபடி சிரித்துக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று பகுதிகள். மூன்றாவதுதான் மருந்து.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டில் எடுத்த வீடியோவைத்தான் போட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வெள்ளைக்கார அம்மாங்க அப்படித்தான் சார் இருப்பாங்க. நம்ம ஊர்ல யாரு இப்படி உக்காருவா?" அது என்னைத் தைத்துவிட்டது. நம் ஊர் முகத்தில், தமிழில், ஒன்று எடுத்தே தீருவது என்று கிளம்பினேன். நம் ஊர் முகம் என்றால் வேறு யார்? வீட்டில் இருந்தாள். மடியில் எட்டு மாதப் பெண்.

என் மனைவி தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். அவள் முகம் ஒரு நிமிடம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சாம்பாருக்கு உப்பு பார்க்கும்போதுகூடப் புருவம் தனியாக ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருக்கும். "ஒரு நாள் கூத்துதானே, செய்றேன். ஆனா பிள்ளை அழுதா நான் பொறுப்பில்லை" என்றாள்.

ஒரு நண்பரிடம் கேமரா இரவல் வாங்கினேன். ஒரே ஒரு டேப், அதிலும் கடைசி இரண்டு மூன்று நிமிடம்தான் காலி; அதனால் கொஞ்சும் முதல் பகுதியைப் படம் பிடிக்காமல் விட்டேன். மந்தைவெளி வீட்டின் கூடத்தில், சுவரோரமாகக் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே அவளை உட்காரவைத்தேன். கேமரா குழந்தையின் தோளுக்குப் பின்னால் இருந்து அவளைப் பார்த்தது. குழந்தையின் முகமும் தெரியவேண்டுமே என்று அவள் பக்கத்தில் அலமாரிக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். அந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. வீடியோவின் மேல் என் குரலைப் பிறகு சேர்த்தேன். 'இப்போது தாயின் முகத்தைக் கவனியுங்கள். கண்களைப் பாருங்கள். அவற்றில் எதுவுமே இல்லை.'

மூன்றாவது பகுதியையும் நான் எடுக்கவில்லை. டேப் முடிந்துபோயிருந்தது.

பெண்ணுக்கு மூன்று வயதானபோது அவள் அம்மா போய்விட்டாள். அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது மாதம் பஸ்ஸிலும் ஆட்டோவிலுமாக அலைந்தோம். அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. அந்த ஒன்பது மாதத்தில் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன் என்பது மட்டும் நிஜம். டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும்போது பெஞ்சில் என் மனைவி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பழகிய முகம் பிறகு இறங்கவே இல்லை.

வீடியோ மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்தது. கல்லூரிக்காக இணையத்தில் ஏற்றியதை ஊரடங்கு காலத்தில் எல்லா ஆசிரியர்களும் தேடிப் பிடித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நன்றி சொல்லி எழுதினார்கள். பெண்ணுக்கு நான் அதைக் காட்டியதில்லை. அவளுக்கு அம்மா என்றால் சில போட்டோக்கள். அசையும் அம்மா உலகத்தில் அந்த வீடியோவில் மட்டும்தான் இருந்தாள், அதிலும் அசையாமல்.

போன வருடம் என் பெண் பதினொன்றாம் வகுப்பில் உளவியலை எடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. "உனக்காக எடுக்கல, கணக்குக்குப் பயந்து எடுத்தேன்" என்று தெளிவாகவே சொல்லிவிட்டாள். ஆகஸ்டில் ஒருநாள் அடையாற்றில் இருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் ஷூவைக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள். நான் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"இன்னிக்கு கிளாஸ்ல ஒரு வீடியோ போட்டாங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"முதல்ல உன் குரல் வந்துச்சு. அப்பா குரல் மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். அப்புறம் நம்ம வீட்டு ஜன்னல். அப்புறம் அம்மா."

"மிஸ்கிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? அழற பாப்பா நான்தான் மிஸ்னா? பக்கத்துல இருக்கறவ, 'இன்னா அம்மாடி இது, பேய் மாதிரி உக்காந்துனு கீறா'ன்றா. கிளாஸே சிரிக்குது. நானும் சிரிச்சேன்ப்பா." அவள் குரல் அங்கே ஒருமுறை வழுக்கியது. "கீழ கமெண்ட் படிச்சிருக்கியா நீ? 'கல்நெஞ்சக்காரி'ன்னு ஒருத்தன் போட்டிருக்கான். நீ அதுக்கு லைக் போட்டிருக்க."

போட்டிருப்பேன். வரும் கருத்துகளுக்கெல்லாம் ஒரு விருப்பக்குறி இட்டுக்கொண்டே போவது என் வழக்கம். படிக்காமல்.

"அது சோதனைம்மா. நான்தான் அப்படி இருக்கச் சொன்னேன்."

"தெரியும். பரீட்சைக்கே வரும் அது. மூணாவது பகுதி எங்க?"

"டேப் தீந்துபோச்சு."

"அப்புறம் அம்மா என்னைத் தூக்கினாளா?"

"உடனே தூக்கினா. நீயும் உடனே சிரிச்ச. ரெண்டு பேரும் சிரிச்சீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி சொன்னாள். "நினைவு கேசட் இல்லப்பா. எடுக்கும்போதெல்லாம் புதுசா எழுதிக்கறோம்."

"இது அப்படி இல்லை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு நீயே சொல்லிருக்க."

நான் கரண்டியை மறுபடி கையில் எடுத்தேன். "பாரு, இப்பகூட உன் மூஞ்சி அப்படித்தான் இருக்கு. அந்த வீடியோல அம்மா ரெண்டு நிமிஷம்தான். நீ எத்தனை வருஷமா?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காபியின் மேல் ஆடை படியும்வரை நின்றிருந்தேன்.

நான்கு நாட்கள் அவள் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை, தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க ஸ்கூல்லயே பிராக்டிகல் ரெக்கார்டு எழுத வைக்கிறாங்க. நோக்கம், முறை, முடிவு, அப்புறம் அகநோக்கு அறிக்கை. சோதனைக்கு உக்காந்தவங்க உள்ளுக்குள்ள என்ன தோணுச்சுன்னு அவங்களே கைப்பட எழுதணும். அம்மா எழுதலையா?"

எழுதினாள். எழுதச் சொன்னேன். சொன்னது ஞாபகம் இருந்தது. அவள் என்ன எழுதினாள் என்பது ஞாபகம் இல்லை.

அகநோக்கு அறிக்கையைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிலில் அதை யாரும் படிப்பதில்லை. வருடத்துக்கு அறுபது நோட்டுகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு சோதனைகள். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைந்தாலும், சொற்களை மனப்பாடம் செய்தாலும், அந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்களும் எழுதுவது ஒன்றுதான்: 'சோதனை சுவாரசியமாக இருந்தது. ஆரம்பத்தில் சற்றுப் பதற்றமாக இருந்தது. பின்னர் மகிழ்ச்சியாக உணர்ந்தேன்.' நாங்கள் ஓரத்தில் ஒரு சரி போட்டுக் கையெழுத்திட்டுப் பக்கத்தைத் திருப்புவோம். மனிதனின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதற்காகவே இருக்கும் ஒரு துறை, அந்த ஒரு பக்கத்தை மட்டும் படிக்காமல் தாண்டிவிடும். நானும் அப்படித்தான் தாண்டினேன்.

சனிக்கிழமை அவளைக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். ஆய்வுக்கூடத்தின் சாவி அட்டெண்டர் அம்மாவிடம் இருக்கும். எனக்கு முன்னாலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். எங்களைப் பார்த்ததும் முக்காலியை விட்டு எழுந்தார்.

"இன்னா சார், லீவு நாளு அதுவுமா? பாப்பாவா இது? ஐயோ, அம்மாவ அப்டியே உரிச்சு வெச்சிகீது! நீ சின்னக் கொயந்தயா இருக்கசொல்ல உங்கம்மா இட்டுக்கினு வந்துச்சு. சும்மா வாய் ஓயாது அதுக்கு. உன்ன இடுப்புல வெச்சிக்கினு எங்கூட அரமணி நேரம் பேசிக்கினு நின்னுது."

"என்ன பேசினாங்க?" என்றாள் பெண், சட்டென்று.

"இன்னாத்த பேசுவாங்க? வெலவாசி, உங்கப்பனோட மறதி. சாரு கொடய மூணு தபா இங்கியே விட்டுட்டுப் போச்சே, அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிது."

என் பெண் சிரிப்பதைப் போல ஒரு அசைவு செய்தாள். அது சிரிப்பாக ஆகவில்லை.

இரும்பு அலமாரியில் பழைய ஸ்டாப்வாட்சுகளுக்கும் கண்ணாடி பார்த்து வரையும் பெட்டிக்கும் அடியில் துறையின் பெரிய பதிவேடு இருந்தது. தூசு தும்மலை வரவழைத்தது. நான் எழுதிய பக்கங்கள், என் இளவயதுக் கையெழுத்து, கோடு போட்டு, தலைப்பு அடிக்கோடிட்டு. 'முயற்சி 1: பதினெட்டாவது வினாடியில் தோல்வி. தாய் சிரித்துவிட்டார். முயற்சி 2: முப்பத்தோராவது வினாடியில் தோல்வி. தாய் குழந்தையைத் தூக்கிவிட்டார். டேப் வீண். முயற்சி 3: வெற்றி.'

பெண் விரலை அந்த வரிகளின் மேல் வைத்தாள். "ரெண்டு தடவை முடியலையா அம்மாவுக்கு?"

"முடியல."

"அது எங்க?"

"அதுக்கு மேலயேதான் மூணாவதை எடுத்தேன். ஒரே டேப்."

"சிரிச்சது, தூக்கினது எல்லாத்தையும் அழிச்சிட்டு…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அழித்துவிட்டுத் தோல்வி என்று எழுதியிருக்கிறேன். வேறு எதைத் தோல்வி என்று நினைத்தேன் என் வாழ்க்கையில்?

அடுத்த பக்கத்தில் நான்காக மடித்த ஒரு தாள், இரண்டு ஸ்டேப்ளர் முள் அடித்து மூடியபடி இருந்தது. மேலே என் எழுத்தில் 'அகநோக்கு அறிக்கை'. அதன் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று என் கையெழுத்து. முள் துருப்பிடித்திருந்தது. பெண் நகத்தால் நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. அட்டெண்டர் அம்மா தன் கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, என்ன தோன்றியதோ, வெளியே போய் நின்றுகொண்டார்.

அம்மாவின் கையெழுத்தை அவள் அப்போதுதான் இவ்வளவு நீளமாகப் பார்க்கிறாள். வாய்விட்டுப் படித்தாள்.

"'முதல் தடவை சிரிச்சிட்டேன். ரெண்டாவது தடவை அவ கையை நீட்டினா, தூக்கிட்டேன். ரெண்டு தடவையும் டேப் வீணாச்சுன்னு கோவிச்சீங்க. மூணாவது தடவை நான் பிள்ளையைப் பார்க்கலை. அவளைப் பார்த்துக்கிட்டே சும்மா இருக்க எனக்கு வரலை. அவ தலைக்கு மேல அப்பா கடை காலண்டர் தொங்குச்சு. அதைப் படிச்சேன். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம். முடிஞ்சதும் மறுபடி மேலேர்ந்து. எத்தனை தடவை படிச்சேன்னு தெரியலை. அழற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.'"

இங்கே நிறுத்தினாள். மீதியைத் தனக்குள் படித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கீழே இறங்கி, ஒரு வரியில் நின்று, மறுபடி மேலே போனது. பிறகு தாளை என்னிடம் நீட்டினாள்.

'முடிஞ்சுதுன்னு சொன்னதும் தூக்கினேன். முகத்தைத் திருப்பிக்கிட்டா. நீங்க கேமராவை எடுத்துக்கிட்டு நண்பர் வீட்டுக்குப் போயிட்டீங்க. எவ்வளவோ பேசினேன், சாயங்காலம் வரை என் முகத்தைப் பார்க்கலை. விளக்கு ஏத்தும்போதுதான் திரும்பிப் பார்த்தா. இதை வேற பிள்ளைங்களுக்குச் செய்யாதீங்க. யாருக்கும் காட்டவும் வேண்டாம்.'

உடனே சிரித்தாய் என்று சொன்னேனே, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? ரெண்டு பேரும் சிரித்ததை நான் பார்த்திருக்கவே முடியாது. நான் அங்கே இல்லை. இரவல் கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். இத்தனை வருடம் அந்தச் சிரிப்பை நெஞ்சில் வைத்திருந்தேன். ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சம், அவள் புடவையின் நிறம் எல்லாம் சேர்த்து.

"நீ இதைப் படிக்கவே இல்லையா?"

"இல்ல."

"சரிபார்த்தேன்னு கையெழுத்து போட்டிருக்க."

"போட்டிருக்கேன்."

"ஏன்ப்பா?"

வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதைவிடச் சின்னது. அவள் அம்மாவைக் கோபித்துக்கொண்ட நாள் அது. அந்தத் தாளில் எனக்குத் திட்டு இருக்கும் என்று நினைத்தேன். மடித்து முள் அடித்துவிட்டால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். அதைத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், கேட்டுக்கொண்டேன் என்பதற்கு மட்டும்.

பிறகு போனை எடுத்து வீடியோவைப் போட்டாள். என் குரல் அந்தப் பழைய அறையில் ஒலித்தது: 'கண்களைப் பாருங்கள். அவற்றில் எதுவுமே இல்லை.' அவள் அங்கேயே நிறுத்தி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சாய்த்து வைத்த கண்ணாடியில் அழும் குழந்தை. அதன் தலைக்கு மேலே, மங்கலாக, இடவலம் மாறி ஒரு காலண்டர் தாள். தேதி எண்கூடத் தெரிந்தது. மறுபடி ஓடவிட்டாள். அவள் அம்மாவின் பார்வை குழந்தையின் நெற்றிக்குச் சற்று மேலே இருந்தது. கருவிழிகள் மிகச் சிறிதாக நகர்ந்தன. இடமிருந்து வலம். திரும்ப இடம். அடுத்த வரி.

எத்தனை நூறு முறை அந்த முகத்தைத் திரையில் போட்டிருப்பேன்? கோல் வைத்துச் சுட்டிக்காட்டியிருக்கிறேன். கவனியுங்கள் கவனியுங்கள் என்று எத்தனை பெண்களிடம் சொன்னேன்!

வெளியே வந்தபோது அட்டெண்டர் அம்மா கொண்டை ஊசியை வாங்கிக்கொண்டு, "கெடச்சிதா பாப்பா?" என்றார்.

"கிடைச்சுது."

தாளை அவளே வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காராமல் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். மந்தைவெளியில் இறங்கி நடக்கும்போது, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "நெட்லேர்ந்து எடுத்துடு. அம்மா காட்ட வேண்டாம்னு எழுதியிருக்கா. எனக்கு மட்டும் ஒண்ணு வெச்சுக் கொடு. உன் குரல் இல்லாம."

"என் குரலை எடுத்தா நீ அழற சத்தமும் போயிடும்மா. ரெண்டும் ஒண்ணா கலந்திருக்கு."

"போகட்டும்."

அன்று மாலையே எடுத்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து கடிதங்கள். சார், லிங்க் திறக்கவில்லை. சார், திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது, வேறு எங்கே கிடைக்கும்? எடுத்துவிட்டேன் என்று மட்டும் பதில் போட்டேன். இந்த வருடம் அசையாத முகத்தை வாயால் சொல்லித்தான் நடத்தினேன். மூன்றாவது பகுதிக்கு வந்தபோது, தாய் தூக்கியதும் குழந்தை உடனே சமாதானமாகிவிடுவதில்லை என்று சொன்னேன். "எவ்ளோ நேரம் ஆகும் சார்?" என்று ஒருத்தி கேட்டாள். தெரியவில்லை என்றேன். பாடத்தில் அப்படி ஒரு பதில் இல்லாததால் அவள் எழுதிக்கொள்ளவில்லை.

அகநோக்கு அறிக்கைகளை இப்போது படிக்கிறேன். அறுபதில் ஐம்பத்தைந்து பேர் பின்னர் மகிழ்ச்சியாக உணர்ந்தேன் என்றுதான் எழுதுகிறார்கள். யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் கூடத்தில் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் போன். சத்தம் எதுவும் வரவில்லை. எந்த வீடியோ என்று எனக்குத் தெரிந்தது. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அம்மாவின் கண்ணோடு சேர்ந்து அவளும் படிக்கிறாள். நல்ல நேரம். ராகு காலம். எமகண்டம். முடிந்ததும் மறுபடி மேலேயிருந்து.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எதையாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று முயன்றேன் என்பது மட்டும் தெரியும். அவள் விலகவில்லை. முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை. விளக்கு வைக்க இன்னும் வெகுநேரம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.